நெல் வயலுக்கு தக்கைப்பூண்டு: விதைக்கிறதுல இருந்து மடக்கி உழுறது வரைக்கும்

சம்பா நடவுக்கு முன்னாடி வயல் சும்மா கெடக்குற ரெண்டு மாசத்துல தக்கைப்பூண்டுங்கிற பசுந்தாள் உரச்செடிய (பச்சையாவே மண்ணுல மடக்கி உழுது மக்க விடுற செடி) போட்டா யூரியா செலவு நல்லாவே குறையும்.

ஸ்டெப் 1: எந்த செடின்னு முடிவு பண்ணுங்க
செஸ்பேனியாங்கிற பேரினத்துல நம்ம பக்கம் நாலு செடி முக்கியம். அகத்தி மரம், வெத்தலை கொடிக்கால்ல கொடி ஏத்த நடுறதும் துவாதசிக்கு சமைக்கிற கீரையும் இதான். சித்தகத்தி வேலியோரம் ஆட்டுக்கு தழை. வயலுக்கு உரம்னா தக்கைப்பூண்டு, இல்லன்னா மணிலா அகத்தி. மணிலா அகத்தி மேற்கு ஆப்பிரிக்கா செடி, வேர்ல மட்டுமில்லாம தண்டுலயும் முடிச்சு (பாக்டீரியா குடியிருக்குற சின்ன உருண்டை) வைக்கும், அதனால வயல்ல தண்ணி நின்னாலும் காத்துல இருந்து தழைச்சத்து (நைட்ரஜன்) புடிச்சிட்டே இருக்கும். கெத்தான செடிதான், ஆனா விதைத்தோல் ரொம்ப கெட்டி, லேசுல முளைக்காது. புதுசா பண்றவங்க தக்கைப்பூண்டே எடுங்க, களர் நிலத்துலயும் வரும்.

ஸ்டெப் 2: விதைப்பு
ஏக்கருக்கு 20 கிலோ விதை. ராத்திரி ஊறவச்சு, ஆறின அரிசிக்கஞ்சில ரைசோபியம் (தழைச்சத்து புடிக்கிற பாக்டீரியா உரம்) கலந்து பெரட்டி நிழல்ல உலர்த்துங்க, வெயில்ல போட்டா பாக்டீரியா செத்துரும். கோடை மழை ஈரத்துல ஒரு உழவு ஓட்டி தூவிடுங்க. பகல் குறையுற ஐப்பசி, கார்த்திகைல போட்டா குட்டையா இருக்கும்போதே பூத்துடும், தழை கிடைக்காது.

ஸ்டெப் 3: முடிச்ச வெட்டி பாருங்க
இத நிறைய பேர் செய்றதே இல்ல, எனக்கு இதுதான் முக்கியமா படுது. ஒரு மாசத்துல ரெண்டு மூணு செடிய மண்ணோட தோண்டி எடுத்து (புடுங்காதீங்க, முடிச்சு அறுந்துடும்) கழுவி, முடிச்ச நகத்தால கீறுங்க. உள்ள சிவப்பு, ரோஸ் கலர் இருந்தா தழைச்சத்து சேருது. வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா வேலை நடக்கல, அடுத்த தடவை ரைசோபியத்த விட்டுடாதீங்க.

ஸ்டெப் 4: மடக்கி உழவு
45-50 நாள்ல, பூ எட்டிப்பாக்குற நேரம். இன்னும் வளரட்டும்னு ஆசைப்பட்டு விட்டா தண்டு நாரா முத்திடும், அத மக்க வைக்கிற நுண்ணுயிர் மண்ணுல இருக்குற தழைச்சத்தையே எடுத்துக்கும், நாத்து மஞ்சளாகிடும். தண்ணி கட்டி, ரோட்டவேட்டர் விட்டு சேத்துல அமுக்கிட்டு, ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு நடுங்க.

வரப்போரம் கொஞ்சம் செடிய விதைக்கு விடுங்க, காய் பழுப்பானதும் அறுத்துடணும்.