மலையக வீடுகளுக்குள் மண்ணில்லாக் காய்கறிச் செய்கை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹற்றன், நுவரெலியா போன்ற நகரங்களில் வீட்டுக்குள் சலாது வளர்க்கத் தொடங்குவோரில் பலர், நாற்று மெலிந்து வெளிறியவுடனேயே உரம் போதவில்லை என்று முடிவுகட்டி, நீரில் கரைத்துக் கொடுக்கும் அல்பேட் உரக் கலவையின் அளவைக் கூட்டிவிடுகிறார்கள். இதுவே மிகப் பெரிய தவறு என்பேன். தென்மேல் பருவமழைக் காலமான மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவுகளில் மழைமுகிலும் மூடுபனியும் நாட்கணக்கில் விலகுவதில்லை. அந்நாட்களில் யன்னலோரத்துச் செடி தண்டு நீண்டு, கண்ணாடிப் பக்கமாகச் சாய்ந்து நின்றால், அதற்கு வெளிச்சம் போதவில்லை என்றே கொள்ள வேண்டும். வெள்ளை எல்.ஈ.டி. விளக்கை இலைகளுக்கு ஏறத்தாழ ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் எரியவிடுங்கள். வெளிச்சமின்றி உரத்தை மட்டும் கூட்டினால், கரைசலில் உப்புச் செறிவு ஏறி இலையோரம் கருகிவிடும்.

அடுத்த தவறு அக்கறையினாலேயே நேர்வது. ரெஜிபோம் பெட்டியில் நீரோட்டமின்றி வளர்க்கும்போது, தொடக்கத்தில் உரக் கரைசல், நாற்று நிற்கும் துளையிட்ட கிண்ணத்தின் அடியைத் தொட்டு நின்றால் போதும். செடி உறிஞ்ச உறிஞ்ச மட்டம் இறங்கும். அவ்வாறு உண்டாகும் இடைவெளியில் வேர்கள் பஞ்சுபோல நுண்மயிர்களை விட்டு, காற்றிலுள்ள ஒட்சிசனை எடுக்கின்றன. மட்டம் குறைந்துவிட்டதே என்று பதறி விளிம்புவரை நிரப்பினால், காற்றுக்குப் பழகிய அந்த வேர்கள் மூச்சுமுட்டிப் பழுப்பேறி, வழுவழுத்து நாற்றமெடுக்கும். பெட்டி நிறைய நீர் இருக்கச் செடி வாடுவதைக் காண மனம் பொறுக்காது. நிரப்பியே ஆக வேண்டுமென்றால், வேரின் கீழ்ப்பகுதி மட்டும் நனையும்படி ஊற்றுங்கள்.

மண்ணுக்குப் பதிலாக இடும் தும்புத்தூளை நன்னீரில் பலமுறை அலசாமல் பயன்படுத்தாதீர்கள். அதில் தங்கியுள்ள உப்பு இளவேரைத் தாக்கும். ஒளி ஊடுருவும் போத்தல்களில் பாசி படரும் என்பதால், அவற்றைக் கறுப்புப் பொலித்தீனால் சுற்றிவிடுங்கள்.

பயிரையும் இடத்தையும் பொருத்திப் பாராமல் விடுவதும் தவறுதான். 1,800 மீற்றருக்கு மேல் அமைந்த நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. சீமெந்துத் தரையில் வைத்த பெட்டியின் நீர் அப்போது மிகவும் குளிர்ந்து, வேர்கள் பொசுபரசைப் போதியளவு எடுக்க இயலாமல் தக்காளி இலையின் அடிப்புறம் ஊதா நிறமாகும். இதற்கும் கூடுதல் உரம் மருந்தாகாது. பெட்டியைப் பலகைமீது உயர்த்தி வையுங்கள். குளிர் மாதங்களில் தக்காளியை விட்டு, குளிரைத் தாங்கும் சலாதுக்கே இடம் கொடுங்கள்.