மணலில் சால்டன் ஏரி செய்து காட்டுவது எப்படி?

சுருட்டப்பள்ளி, நாகலாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஆரணியாற்று மணல் கைக்கெட்டும் தூரம்தான். ரெண்டு கூடை இருந்தால் கலிபோர்னியா பாலைவனத்தில் ஏரி வந்த கதையைப் பிள்ளைகளுக்கு முற்றத்திலேயே காட்டிவிடலாம்.

ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் அகலமான பள்ளம். பள்ளத்தில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து மணல் தூவுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் நிற்காது. நிஜப் பள்ளம் கடல்மட்டத்துக்கு 70 மீட்டருக்கும் கீழே.

மேட்டில் ஒரு ஆறு கீறுங்கள், அதுதான் கொலராடோ. அதிலிருந்து ஒரு பாசன வாய்க்கால், அதன் வாயில் ஒரு பிடி சேறு. அங்கேயும் வண்டல் அடைத்துத்தான் 1904-ல் கரையை வேறு இடத்தில் வெட்டினார்கள், அதுவும் மதகு வைக்காமல் (என்ன தைரியமோ!). நீங்களும் அப்படியே வெட்டி, முதலில் சொம்பால் மெதுவாக ஊற்றுங்கள், அப்புறம் ஒரு குடத்தை மொத்தமாகக் கவிழுங்கள். இது 1905 வெள்ளம். வெட்டின் ஓரம் கட்டி கட்டியாகச் சரியும், ஆறு பழைய வழியை விட்டுவிட்டு பள்ளத்துக்குள் திரும்பும், பார்க்க வேண்டியதே அதுதான் என்பதால் அவசரப்பட்டு அடைக்காதீர்கள். ரயில் கம்பெனி வண்டி வண்டியாகக் கல் கொட்டி அடைத்து முடிக்கவே 1907 ஆகிவிட்டது.

சரி, தண்ணீரில் கொஞ்சம் கல்லுப்பு கரைத்து வெயிலில் விடுங்கள். வெளியேற வழியில்லை, ஆவியாவது நீர் மட்டும்தான்; சால்டன் இன்று கடலைவிட உப்புக் கரிப்பது இதனால்தான்.