வேலூரிலிருந்து செஞ்சி ராஜகிரி: ஒரே நாளில் ஏறி இறங்கித் திரும்பும் வழி

முதன்முறை செஞ்சிக் கோட்டைக்குப் போனபோது ராஜகிரி மலையின் உச்சியை அடிவாரத்திலிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். உடன் வந்த அக்கா மகனுக்கு அப்போது ஒன்பது வயது. திரும்பும் பஸ்ஸில் ஆரணி வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த முகத்தைப் பொறுக்காமல் அடுத்த மாதமே மறுபடி அழைத்துப் போனேன். அந்த முறை உச்சியில் நின்றோம். கால்கள் அதே கால்கள்தான். செய்யும் வரிசையை மட்டும் மாற்றினோம். புதிதாகப் போகிறவர்களுக்கு அந்த வரிசையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாளும் வழியும்

கார்த்திகை கழிந்து மாசி வரை நல்ல காலம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், பாசி படிந்த படிகள் வழுக்கும். சித்திரை, வைகாசியை மறந்துவிடுங்கள். ‘மரமில்லா மலை’ என்று பேரெடுத்த ஊரில் வளர்ந்தவன் நான், பாறைச் சூடு எனக்குப் புதிதல்ல. இருந்தாலும் செஞ்சிப் பாறையின் சூடு வேறு; மேலிருந்தும் அடிக்கும், கீழிருந்தும் அடிக்கும்.

வேலூர், ஆரணி, சேத்துப்பட்டு, வளத்தி, செஞ்சி. இதுதான் நேர்வழி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நேர் பஸ் கிடைக்காவிட்டால் ஆரணியில் மாறிக்கொள்ளுங்கள். திருவண்ணாமலை சுற்றிப் போகும் வழி நீளம். அதிலும் பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் பாதி நாள் போய்விடும். முதன்முறை நான் அந்த வழியில்தான் போனேன். நேர்வழியிலும் பஸ்ஸில் மூன்று மணி நேரம் பிடிக்கும் என்பதால், விடியும் முன் வேலூரை விட்டுவிட வேண்டும்.

செஞ்சி பஸ் நிலையத்திலிருந்து கோட்டை மேற்கே, திருவண்ணாமலைச் சாலையில் இருக்கிறது. ஆட்டோ பிடித்தால் ‘கோட்டை’ என்று மட்டும் சொல்லாமல் ‘ராஜகிரி வாசல்’ என்று சொல்லுங்கள். கிருஷ்ணகிரி மலை சாலைக்கு மறுபக்கம் தனியாக நிற்கிறது. அங்கே இறக்கிவிட்டால், காலையின் குளிர்ந்த நேரம் நடையிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் மலை, பிறகுதான் மற்றதெல்லாம்

நான் தவறிய இடம் இது. டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்ததும் கல்யாண மகால் தெரியும். பல அடுக்காக எழுந்து கூம்பாக முடியும் அந்தக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு யாராலும் சும்மா கடந்துபோக முடியாது. அதை முடித்தால் குதிரை லாயம், நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம் என்று ஒன்று மாற்றி ஒன்று இழுக்கும். நாங்கள் எல்லாவற்றையும் பார்த்து, மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டு, மலைப்படியின் வாசலுக்கு வந்தபோது மதியம் நன்றாகச் சாய்ந்திருந்தது. காவலர் மரியாதையாகவே சொன்னார்: “இப்போது ஏறினால் இறங்குவதற்குள் இருட்டிவிடும். இனி யாரையும் விட முடியாது.” அவர் சொன்னதில் தப்பில்லை. பிற்பகலானால் ராஜகிரி ஏற விடமாட்டார்கள் என்பதை நான்தான் விசாரிக்காமல் போயிருந்தேன்.

ஆகவே, வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கல்யாண மகாலைப் பார்த்தும் பார்க்காததுபோல நேரே படிகளுக்கு நடங்கள். அது எங்கேயும் போய்விடாது, இறங்கிவந்து நிழலில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்க்கலாம்.

ஏற்றம்

ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். எண்ணைக் கேட்டால் பெரிதாகத் தோன்றாது. ஆனால் படிகள் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சாணளவு இருக்கும், அடுத்தது முழங்காலைத் தொடும். அதனால் மூச்சுக்கு ஒரு தாளம் பிடிபடாது. வேகமாக ஏறி நீண்ட நேரம் உட்காருவதைவிட, மெதுவாக ஏறி அடிக்கடி நின்றுகொள்வதே நல்லது. அக்கா மகனுக்கு ஐம்பது படிக்கு ஒரு மிடறு தண்ணீர் என்று கணக்கு வைத்தேன். அவன் எண்ணிக்கொண்டே ஏறிவிட்டான்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். பலர் இதைக் கண்டதும் உச்சியை நெருங்கிவிட்டதாக நினைத்துக் கையிலிருக்கும் தண்ணீரை முடித்துவிடுகிறார்கள். ஏற வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. பாதித் தண்ணீராவது அதற்குமேல் வேண்டும்.

உச்சிக்குச் சற்று முன் மலையே பிளந்து ஒரு பள்ளம் கிடக்கிறது. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி என்பார்கள். அதைக் கடக்க ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அதை விலக்கிவிட்டால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே உச்சியைக் காத்துவிடலாம். 1677இல் சிவாஜியின் கைக்கு வந்த இந்தக் கோட்டையை, 1690 முதல் 1698 வரை மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டும் எளிதில் பிடிக்க முடியவில்லை. உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராம் தப்பி, முதலில் வந்து சேர்ந்தது நம் வேலூருக்குத்தான். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் எட்டு ஆண்டு ஏன் பிடித்தது என்பது புரியும். குழந்தைகளின் கையை இங்கே கட்டாயம் பிடித்துக்கொள்ளுங்கள்.

மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, ஒரு பீரங்கி. எனக்குப் பிடித்தது எதுவென்றால் மதிலைக் கண்ணால் தொடர்வதுதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் வளைத்து 13 கிலோமீட்டர் ஓடுகிறது. நடுவே நெல்வயல்கள். அக்கா மகன் விரலால் அதன் போக்கைக் காற்றில் வரைந்துகொண்டு வெகுநேரம் நின்றான்.

கையில் என்ன, காலில் என்ன

தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். அதில் ஒன்றில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கரைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் குளிர்பானத்தைவிட இதுதான் மேல். ரப்பர் அடி கொண்ட ஷூ நல்லது, தோல் செருப்பு வேண்டவே வேண்டாம். தொப்பியைவிடப் பருத்தித் துண்டு சிறந்தது. தலையில் கட்டலாம், நனைத்துக் கழுத்தில் போடலாம், இறங்கும்போது வியர்த்த கையைத் துடைத்துவிட்டுப் பாறையைப் பிடிக்கலாம்.

பிளாஸ்டிக் கவர் எதுவும் கையில் தெரியக்கூடாது. குரங்குகளுக்கு அந்தச் சரசரப்பு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் ஜிப் வைத்த முதுகுப்பையில் போடுங்கள். தின்பது படியில் வேண்டாம். குரங்குக்குக் கொடுப்பதும் வேண்டாம், பின்னால் வருகிறவர்கள்தான் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

இறக்கம்

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தொடை நடுங்கும். உயரமான படிகளில் நேராகக் குதிக்காமல், பக்கவாட்டில் திரும்பி ஒரு காலை வைத்து மறுகாலைச் சேர்த்து இறங்குங்கள். முழங்கால் தப்பிக்கும்.

கீழே வந்தபின் ஒரு மணி நேரமாவது ஓய்வெடுத்துவிட்டுக் கல்யாண மகாலுக்குப் போங்கள். தெம்பிருந்தால் வேங்கடரமணர் கோயிலையும் சாதத்துல்லா கான் மசூதியையும் விடாதீர்கள். 1714இல் தேசிங்கு ராஜன் போரிட்டு மடிந்தது ஆற்காட்டு நவாபான அந்தச் சாதத்துல்லா கானின் படையோடுதான். நம் ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது தேசிங்கின் ராணியின் நினைவாக என்பார்கள். இதைச் சொன்ன பிறகு அக்கா மகன் ராணிப்பேட்டையைக் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் கேட்கிறான்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போய்வந்தவர்கள் சொன்ன இரண்டு சங்கதிகள். ஆரணியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார்: கழிப்பறை கீழேதான் இருக்கிறது, பெண்களும் முதியவர்களும் ஏறும் முன்பே போய்வந்துவிட வேண்டும். ஆண்பிள்ளைகளோடே போய்வந்ததில் இதை நான் எழுத மறந்தது பெரிய குறை. அவருக்கு நன்றி.

இன்னொருவர் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் ஒரே நாளில் முடியுமா என்று கேட்டிருந்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் மராட்டியப் படைக்கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சியும் இடம்பெற்றதிலிருந்து பலரும் இதைக் கேட்கிறார்கள். இளைஞர்களுக்கு முடியும். முதன்முறை போகிறவர்கள் ஒரு மலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்குள் செஞ்சி பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டால், சேத்துப்பட்டு வழியாக இருட்டிய சற்று நேரத்தில் வேலூர் வந்துவிடலாம். கிருஷ்ணகிரிக்கு நாங்கள் தை மாதம் போகிறோம். ஐம்பது படிக்கு ஒரு மிடறு போதாது, நாற்பதுக்கு ஒன்று வேண்டும் என்று இப்போதே பேரம் நடக்கிறது.