குளிர்காலத்தில் தொடங்க ஒரு பொழுதுபோக்கு: வெறுங்கண்ணால் வானம் பார்ப்பது எப்படி?

குளிர்காலப் பொழுதுபோக்கு என்று யாரைக் கேட்டாலும் பட்டியல் வீட்டுக்குள்ளேயே சுற்றும். கம்பளி பின்னலாம், படப்புதிர் அடுக்கலாம், ஓவியம் பழகலாம். எல்லாம் நல்லவைதான். ஆனால் அவற்றை எந்த மாதத்திலும் செய்யலாமே! குளிர் மாதங்களில் மட்டும் முழுதாகக் கிடைக்கிற ஒன்று கதவுக்கு வெளியே இருக்கிறது. செலவில்லை, கருவியில்லை, சீக்கிரம் இருட்டிவிடுவதால் தூக்கமும் கெடாது.

கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம். இந்தப் பெயர்களை வரிசை பிசகாமல் ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இவற்றில் ஒன்றையாவது வானத்தில் கைகாட்டச் சொன்னால் விழிப்போம், நானும் அப்படித்தான் இருந்தேன். 27 நட்சத்திரப் பெயர்களில் அடுத்தடுத்து வரும் இந்த ஐந்தும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மாலை வானத்தில் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஐந்தையும் நீங்களே கண்டுபிடிப்பதுதான் இந்தப் பாடம். மொத்தம் மூன்று நான்கு மாலைகள் போதும்.

முதலில்: எதுவும் வாங்காதீர்கள்

ஆர்வம் வந்த அன்றே தொலைநோக்கி வாங்கியவன் நான். வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் கையில் தொலைநோக்கி கிடைத்தால், சாவித்துளை வழியாக ஊரைத் தேடுகிற கதைதான். அது இரண்டு வாரம் பால்கனியில் நின்றது, பிறகு அலமாரி மேல் ஏறியது. வழி தெரிந்த பிறகுதான் இறங்கி வந்தது.

முதல் மாதத்துக்குத் தேவையானவை: உங்கள் கண், ஒரு நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம், கடுங்குளிரில் பந்துமுனைப் பேனாவின் மை இறுகி எழுத மறுக்கும். ஒரு டார்ச் வைத்துக்கொண்டு அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிவிடுங்கள். ஏன் சிவப்பு என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உடுப்பு

வானம் பார்ப்பவர்கள் பாதியில் உள்ளே ஓடிவரக் காரணம் பெரும்பாலும் கால்தான். நடக்கும்போது உடம்பு சூடாக இருக்கும், ஒரே இடத்தில் நின்றால் அப்படி இல்லை. தரை உங்கள் பாதத்தின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காலுக்கடியில் ஒரு கெட்டி அட்டையையோ பலகையையோ போட்டு அதன்மேல் நில்லுங்கள். இந்த ஒரு விஷயம் கூடுதலாக அரைமணி நேரம் வாங்கித் தரும். ஒரே தடித்த உடுப்பைவிட மெல்லியவை மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பது நல்லது. காதை மூடுங்கள். சாய்வு நாற்காலி இருந்தால் அதில் படுத்துக்கொண்டு பாருங்கள், கழுத்து உங்களை வாழ்த்தும். செல்போனை உள்பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும்.

கண்ணைப் பழக்குவது

விளக்கு வெளிச்சத்திலிருந்து வெளியே வந்த முதல் நிமிடத்தில் வானம் வெறிச்சென்றுதான் இருக்கும். ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். கண்மணி சில நொடிகளில் விரிந்துவிடும். ஆனால் விழித்திரையில் மங்கிய ஒளியைப் பார்க்கிற செல்களில் நிறமி மீண்டும் சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும். இடையில் ஒருமுறை செல்போன் திரையைப் பார்த்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அந்தச் செல்கள் சிவப்பு ஒளியை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டியது அதற்காகத்தான்.

பெருநகரத்தில் இருக்கிறேன், வெளிச்சம் அதிகம் என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கத்தில் அது உங்களுக்கு அனுகூலம். நல்ல இருட்டில் கண்ணுக்குத் தெரியும் ஆயிரக்கணக்கான விண்மீன்களுக்கு நடுவே புதியவர் தொலைந்துபோவார். நகரத்து வானத்தில் பிரகாசமானவை மட்டும் தெரியும், நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அவையே. தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாதபடி ஒரு சுவரின் நிழலில் நின்றால் சரி.

படி 1: மூன்று விண்மீன்கள்

டிசம்பர் நடுவில் இரவு 8 மணிக்குக் கிழக்கே பாருங்கள். சம இடைவெளியில், நேர்க்கோட்டில், ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் மூன்று விண்மீன்கள் நெருங்கி நிற்கும். வானத்தில் இதுபோல் வேறொன்று இல்லை, பார்த்ததும் தெரிந்துவிடும். ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டை அது. கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் ஏறத்தாழ அதற்குள் அடங்கிவிடும்.

இந்த மூன்றில் முதலில் எழுவதன் பெயர் மின்டாகா. அது கிட்டத்தட்ட வான நடுக்கோட்டின் மேலேயே இருக்கிறது, அதாவது பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகிற கற்பனைக் கோட்டில். அதனால் பூமியில் எங்கிருந்து பார்த்தாலும் சரியாகக் கிழக்கில் எழுந்து சரியாக மேற்கில் மறையும். திசைகாட்டி இல்லாத இரவில் இது உதவும்.

வேட்டைக்காரன் எழும்போது பக்கவாட்டில் படுத்தபடியே வருவான். பட்டைக்கு இடப்பக்கம் செம்மஞ்சள் நிறத்தில் ஒன்று, வலப்பக்கம் நீலவெண்மையில் ஒன்று, இரண்டும் பிரகாசம். வலப்பக்கம் உள்ளது ரைஜெல். இடப்பக்கச் சிவப்புதான் நம் திருவாதிரை. ஐந்தில் ஒன்று கிடைத்துவிட்டது.

முதல் மாலைக்கு இதுவே போதும். உள்ளே போய்விடலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயன்றால் மறுநாள் எதுவும் நினைவிருக்காது.

படி 2: கையால் அளப்பது

கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, முஷ்டியை வானத்தில் வையுங்கள். அதன் அகலம் சுமார் 10 பாகை. சுண்டுவிரலின் அகலம் 1 பாகை. முழுநிலா அதில் பாதிதான், சந்தேகமிருந்தால் நிலா நாளில் விரலால் மறைத்துப் பாருங்கள். குழந்தைகளுக்குக் கை சிறியது, ஆனால் நீளமும் குறைவு என்பதால் அளவு ஏறக்குறைய அதேதான் வரும்.

படி 3: பட்டையைப் பிடித்துக்கொண்டு நடப்பது

இனி அந்த மூன்று விண்மீன்களின் கோட்டை ஒரு குச்சியாக நினைத்து நீட்டுங்கள். கீழ்நோக்கி, அடிவானத்துப் பக்கம், இரண்டு முஷ்டிக்குச் சற்று அதிகமாகப் போனால் இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான விண்மீன் சிரியஸ் இருக்கும். டிசம்பரில் கொஞ்சம் தாமதமாக எழும், பொறுத்திருங்கள். அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது நீலம், சிவப்பு, பச்சை என்று மாறி மாறிப் பளிச்சிடும். அதன் ஒளி தடித்த காற்றடுக்கைக் கடந்து வருவதால் நேர்வது இது. இதைப் பார்த்து, ஏதோ விமானம் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று பதறியவர்களை எனக்குத் தெரியும். சிரியஸ் நமக்கு 8.6 ஒளியாண்டு தொலைவு. வான அளவில் அடுத்த வீடு.

இப்போது அதே கோட்டை எதிர்ப்பக்கம், மேல்நோக்கி நீட்டுங்கள். அங்கும் இரண்டு முஷ்டிக்குச் சற்று அதிகம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு விண்மீன். அதுதான் ரோகிணி. சுற்றிலும் சிறு விண்மீன்கள் சேர்ந்து ஆங்கில வி எழுத்துபோல் தெரியும். ரோகிணி அந்தக் கூட்டத்தின் உறுப்பினர் அல்ல. கூட்டம் சுமார் 150 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது, ரோகிணி 65 ஒளியாண்டில் நம் வழியில் குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான்.

அதே திசையில் இன்னும் ஒன்றரை முஷ்டிக்குள் ஒரு சிறு புகைப்பொட்டு தெரியும். உற்றுப் பார்த்தால் பொட்டு ஆறு புள்ளிகளாகப் பிரியும். கார்த்திகை. பழந்தமிழில் அறுமீன் என்ற பெயர் எதனால் வந்தது என்று அப்போது சொல்லாமலே விளங்கும். அந்தக் கொத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விண்மீன்கள் உண்டு. வெறுங்கண்ணுக்கு ஆறு, கூரிய பார்வையும் நல்ல இருட்டும் இருந்தால் இன்னும் சில. எத்தனை எண்ணினீர்கள் என்று நோட்டில் குறியுங்கள்.

இங்கே ஒரு நுட்பம். நேராகப் பார்ப்பதைவிட, பொட்டுக்குச் சற்றுத் தள்ளிப் பார்வையை நிறுத்திக் கடைக்கண்ணால் பாருங்கள். மங்கலான ஒளியைப் பிடிக்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. இதைப் பழகுவதற்குச் சில நாள் ஆகும், ஆனால் பழகிய பிறகு வானம் இரண்டு மடங்கு கூடிவிட்டதுபோல் இருக்கும்.

படி 4: மீதி இரண்டு

மிருகசீரிடம்தான் சிரமமானது. பெயருக்கு மான்தலை என்று பொருள். திருவாதிரைக்கும் வேட்டைக்காரனின் இன்னொரு தோளுக்கும் நடுவில், பட்டையிலிருந்து விலகிய பக்கத்தில், மூன்று மங்கிய விண்மீன்கள் சின்ன முக்கோணமாக இருக்கும். நகர வெளிச்சத்தில் தெரியாமல் போகலாம். வருத்தப்பட வேண்டாம், இருட்டான இடத்துக்குப் போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புனர்பூசம் எளிது. ரைஜெலிலிருந்து திருவாதிரை வழியாக ஒரு கோடு போட்டு, மூன்று முஷ்டிக்கு மேல் நீட்டினால் ஒரு ஜோடி, அருகருகே. காஸ்டர், போலக்ஸ். இரண்டுக்கும் இடைவெளி அரை முஷ்டிக்கும் குறைவு. இவற்றில் காஸ்டர் கண்ணுக்கு ஒன்று, உண்மையில் ஆறு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றும் குடும்பம்.

டிசம்பர் 13, 14 இரவுகளில் இந்த ஜோடியின் பக்கமிருந்து எரிகற்கள் சிதறுவதைப் பார்க்கலாம். ஜெமினிட் என்று பெயர். எரிகல் மழைகள் பெரும்பாலும் வால்மீன்கள் விட்டுச்சென்ற தூசியால் வருபவை. இதுவோ 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோளின் துகள்களால் வருகிறது. நிலா இல்லாத ஆண்டாக அமைந்தால் போர்வையோடு மல்லாந்து படுத்துவிடுங்கள்.

படி 5: நோட்டு

தேதி, நேரம், மேகம் எவ்வளவு, என்ன பார்த்தீர்கள். நான்கு வரி போதும். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் நின்றால், பழைய வானம் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்திருப்பது தெரியும். ஒவ்வொரு விண்மீனும் தினமும் ஏறத்தாழ 4 நிமிடம் முந்தி எழுகிறது. பாடநூலில் படித்தால் மறந்துவிடும், சொந்த நோட்டில் பிடிபட்டால் மறக்காது.

இன்னொன்றையும் தொடர்ந்து குறித்து வரலாம்: திருவாதிரை ரோகிணியைவிடப் பிரகாசமா, மங்கலா? திருவாதிரை ஒளி மாறும் விண்மீன். 2019 இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ரோகிணிக்கும் கீழே போய்விட்டது. வெடிக்கப் போகிறதோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. அது வெளித்தள்ளிய பொருள் தூசியாக இறுகி நம் பக்கம் மறைத்ததே காரணம் என்று பிறகு தெரிந்தது. இந்த மாற்றத்தைக் காண எந்தக் கருவியும் தேவைப்படவில்லை, தொடர்ந்து பார்த்து வந்தவர்கள் வெறுங்கண்ணாலேயே கண்டார்கள்.

ஒரு மாதம் ஆன பிறகு

இப்போது வாங்கலாம், தொலைநோக்கி அல்ல, பைனாகுலர். 7x50 அல்லது 10x50. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். முழங்கைகளை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். பட்டையிலிருந்து ரைஜெல் பக்கமாகச் சற்று நகர்ந்தால் ஒரு சாம்பல் நிறப் புகை தெரியும். ஓரியன் நெபுலா, சுமார் 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் விண்மீன்கள் பிறக்கிற இடம். வில்லையில் மூச்சு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் கொண்டுவரும்போது வெளியிலேயே உறைக்குள் வைத்து மூடிவிட்டுக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும்.

மேகம் மூடிய நாட்களில் கறுப்பு அட்டையில் ஓரியனை ஊசியால் குத்தி, பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். பிரகாசமானதற்குப் பெரிய துளை. வரைந்த பக்கத்திலிருந்தே பார்க்க வேண்டும். நான் பின்பக்கத்தைத் திருப்பி மாட்டிவைத்து, ரைஜெல் ஏன் இடம் மாறியது என்று ஒரு மாலை முழுக்கக் குழம்பினேன்.

தென்பாதிக் கோளத்தில் இருப்பவர்களுக்குக் குளிர்காலம் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. அந்த மாலைகளில் உச்சியில் விருச்சிகம் நிற்கும். நெஞ்சில் சிவப்பாகக் கேட்டை, வாலில் மூலம், பக்கத்தில் பால்வழியின் நடுப்பகுதி. முறை அதேதான்: எளிதில் தெரிவதைப் பிடித்து, அங்கிருந்து கையால் அளந்து போவது.

ஏப்ரல் முடிவில் வேட்டைக்காரன் அந்திவெளிச்சத்தோடு மேற்கில் இறங்கிவிடுவான். அந்த நேரம் திரும்பிக் கிழக்கே பார்த்தால் சித்திரையும் சுவாதியும் ஏறிக்கொண்டிருக்கும்.