யு.எஸ். அட்டர்னி அலுவலகம்: எங்கே தவறு நடக்கிறது?

கிரீன் கார்டு விண்ணப்பம் வருடக்கணக்கில் நகரவில்லை என்று குடியேற்றத் துறை மேல் தாங்களே வழக்குப் போடும் நம்மவர்கள் இருக்கிறார்கள். மனுவின் நகலைத் துறைக்கு மட்டும் அனுப்பிவிட்டு, 60 நாளில் பதில் வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வராது. அந்த 60 நாள், அமெரிக்க மத்திய (ஃபெடரல்) அரசுக்காக வழக்காடும் யு.எஸ். அட்டர்னி அலுவலகத்துக்கு சம்மன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்துதான் ஓடத் தொடங்கும். குற்ற வழக்கு மட்டுமல்ல, ஃபெடரல் அரசு மேல் போடும் சிவில் வழக்குகளும் அந்த அலுவலகத்துக்குத்தான் வருகின்றன. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே சம்மனையும் மனு நகலையும் மூன்று இடங்களுக்கு அனுப்புங்கள். யு.எஸ். அட்டர்னி அலுவலகத்துக்கு ஒன்று; தபாலில் என்றால் ரெஜிஸ்டர்ட் அல்லது சர்டிஃபைட் மெயில், உறைமேல் 'சிவில் ப்ராசஸ் கிளார்க்' என்று இருக்கட்டும். வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரலுக்கு ஒன்று, துறைக்கு ஒன்று. வழக்குப் போட்ட 90 நாளுக்குள் இது முடிய வேண்டும். நேரில் கொடுப்பதானால் நீங்களே போகக் கூடாது, 18 வயது நிரம்பிய வேறொருவர் போக வேண்டும்.

சரி, எந்த அலுவலகம்? மாநிலத்துக்கு ஒன்று என்று நினைக்காதீர்கள். நாடு முழுக்க 94 ஃபெடரல் நீதிமன்ற மாவட்டங்கள், 93 யு.எஸ். அட்டர்னிகள் (குவாமுக்கும் வடக்கு மரியானா தீவுகளுக்கும் ஒருவரே). கலிஃபோர்னியாவில் மட்டும் நான்கு. நியூயார்க் நகரமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது: மன்ஹாட்டனும் பிராங்க்ஸும் தெற்கு மாவட்டம், புரூக்ளின், குவீன்ஸ், ஸ்டேட்டன் தீவு கிழக்கு மாவட்டம். வழக்கு எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த அலுவலகம்தான்.

டிஸ்ட்ரிக்ட் அட்டர்னியோடு குழப்பிக்கொள்வது இன்னொன்று. அவர் பெரும்பாலும் உள்ளூரில் ஓட்டு வாங்கி வருபவர், மாநிலச் சட்டக் குற்றங்களைப் பார்ப்பவர். யு.எஸ். அட்டர்னியை அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புதல் தர வேண்டும், பதவிக்காலம் 4 ஆண்டு. 1789-லிருந்து இருக்கும் பதவி இது. ஆனால் கோர்ட்டில் நீங்கள் பார்க்கப்போவது அவரை அல்ல, அவருக்குக் கீழே இருக்கும் உதவி அட்டர்னிகளை. அதிபர் மாறினாலும் இவர்களில் பலர் அதே நாற்காலியில்தான் இருப்பார்கள்.

யு.எஸ். அட்டர்னி அலுவலகம் போலீஸ் ஸ்டேஷனும் அல்ல. மோசடி நடந்தால் புகாரை எஃப்.பி.ஐ. போன்ற விசாரணை அமைப்பிடம் கொடுங்கள். கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினத்தின் கேலியன் வழக்கை (அவருடைய முதலீட்டு நிறுவனமான கேலியன், ரகசிய உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்த வழக்கு) நினைத்துப் பாருங்கள். போனை ஒட்டுக்கேட்டதும் கைது செய்ததும் எஃப்.பி.ஐ.; ஜூரி முன்னால் அந்த ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டி வாதாடியது தெற்கு மாவட்ட அலுவலகம். 2011-ல் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 11 ஆண்டுச் சிறை கிடைத்தது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, அந்த அலுவலகத்து வக்கீல் அன்பாகப் பேசுகிறார் என்று அவரை நம் வக்கீலாக நினைப்பது. அவருடைய கட்சிக்காரர் அரசாங்கம். பதில் சொல்ல மாட்டேன் என்று நீங்கள் இருக்கலாம். ஆனால் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொன்னால், சத்தியம் செய்யாமல் சொன்னதாக இருந்தாலும், 5 ஆண்டு வரை சிறை போகலாம். அங்கிருந்து வந்த கடிதத்தில் 'டார்கெட்' (உங்கள் மேலேயே குற்றம் சாட்டப்படலாம் என்று அர்த்தம்) என்ற சொல் இருந்தால், அதில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்வதற்கு முன்னால் குற்ற வழக்கு நடத்தும் ஒரு வக்கீலுக்குப் போன் செய்யுங்கள்.