காட்டோரம் நாயோடு நடக்கப் போகிறவர்களுக்கு

என் நாய் தும்பியை முதன்முதலாகக் காட்டுப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போன அன்றே மூன்று மணி நேரம் தொலைத்துவிட்டேன். கார் கதவைத் திறந்ததும் கயிற்றைக் கழற்றிவிட்டேன். வாரம் முழுக்க நாலாவது மாடியில் அடைந்து கிடக்கிற ஜீவன், கொஞ்சம் ஓடட்டுமே என்கிற நினைப்பு. ஒரு புதர் அசைந்தது. அவ்வளவுதான், ஆள் இல்லை. நான் பெயரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். அது இரண்டாவது தப்பு. துரத்தினால் நாய்க்கு அது விளையாட்டு, கத்தினால் ஏதோ ஆபத்து. இரண்டுக்கும் அது செய்கிற காரியம் ஒன்றுதான்: இன்னும் தூரம் ஓடும்.

கடைசியில் தொண்டை கட்டிப்போய் காருக்கே திரும்பினேன். வியர்வையில் ஊறியிருந்த சட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்ததல்ல, புழுக்கம் தாங்காமல் செய்தது. ஆனால் அதுதான் சரியான வழி என்று பிறகு தெரிந்துகொண்டேன். தொலைந்த நாய் பல நேரங்களில் தன் மோப்பத்தையே பிடித்துக்கொண்டு, நம்மைக் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்பி வரும். தும்பியும் வந்தாள். வால் கீழே, ஒரு காதில் ரத்தம், உடம்பெல்லாம் முள். நான் திட்டவில்லை. திரும்பி வந்த நாயைத் திட்டினால் அடுத்த தடவை வர யோசிக்கும்.

ஏழு வருடமாக மாதத்துக்கு மூன்று நான்கு தடவையாவது இருவரும் இப்படிப் போய்வருகிறோம். அந்த முதல் நாளுக்குப் பிறகு கயிறு இல்லாமல் ஒரு நாளும் போனதில்லை.

முதலில் இடம். நாய் இல்லாமல் ஒரு தடவை தனியாகப் போய் நடந்து பாருங்கள். நாய்க்கு அனுமதி உண்டா, எந்த மாதங்களில், எந்தப் பாதையில் என்று வாசலில் இருக்கும் பலகையை முழுசாகப் படியுங்கள். பாதுகாக்கப்பட்ட காடுகள் பலவற்றில் நாய்க்கு அனுமதியே கிடையாது. அப்படியென்றால் வேறு இடம் பார்ப்போம், பின்பக்கமாக நுழைய வேண்டாம். பாதை எங்கே தார்ச்சாலையை ஒட்டி வருகிறது, செல்போன் எங்கே வேலை செய்யாது, நடுவில் வெளியேற வழி உண்டா என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுக்காட்டைவிட நகரத்தோரக் காட்டில்தான் நாய்க்கு ஆபத்து அதிகம் என்பது என் அனுபவம். அதிலும் முதல் இருநூறு மீட்டர். ஊர்க் குப்பை அங்கேதான் வந்து விழும். உடைந்த பாட்டில், கெட்டுப்போன மாமிசம், சமைத்த எலும்பு, எலி மருந்து, எல்லாம் கிடக்கும். சமைத்த எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். அந்த இருநூறு மீட்டரைக் குட்டைக் கயிற்றில், நிற்காமல் கடந்துவிடுங்கள். மோப்பம் பிடிக்க வேண்டிய இடம் அதுவல்ல. 'விடு' என்றால் வாயில் இருப்பதைக் கீழே போட வேண்டும், 'வா' என்றால் வர வேண்டும். இந்த இரண்டையும் வீட்டிலேயே, கையில் ருசியான எதையாவது வைத்துக்கொண்டு பழக்குங்கள். 'வா' என்று கூப்பிட்டுக் குளிப்பாட்டவோ நகம் வெட்டவோ செய்யாதீர்கள். அந்தச் சொல் கெட்டுப்போகும்.

தடுப்பூசி விஷயத்தில் சமரசமே கூடாது. ரேபிஸ் என்கிற வெறிநோய், நாய்களைக் கொல்கிற வைரஸ் நோய்களான டிஸ்டெம்பர், பார்வோ, இந்த மூன்றுக்கும் ஊசி கட்டாயம். தேங்கிய தண்ணீர் இருக்கிற இடமென்றால் லெப்டோஸ்பைரோசிஸ் ஊசியும் வேண்டும். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் வருகிற நோய் அது, நமக்கும் தொற்றும். குட்டியாக இருந்தால் ஊசி வரிசை முடியட்டும். வழக்கமாகக் குட்டிக்குப் பதினாறு வார வயதாகும்போது முடியும், அதுவரை காடு வேண்டாம். இந்த ஊசி நம் நாய்க்காக மட்டுமல்ல. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி சமவெளியில் டிஸ்டெம்பர் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்துப்போயிற்று. சுற்றியிருந்த ஊர் நாய்களிடமிருந்து வந்திருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் நினைத்தார்கள். உங்கள் பாதையில் சிங்கம் இருக்காது. நரி இருக்கும், கீரி இருக்கும்.

கயிற்றுக்கு வருவோம். கழுத்துப் பட்டையில் நம்பர் எழுதிய தகடு தொங்கட்டும், ஆனால் கயிற்றை அதில் மாட்டாதீர்கள். நெஞ்சையும் முதுகையும் சுற்றி வருகிற ஹார்னெஸில் மாட்டுங்கள். இரண்டு மீட்டர் கயிறு ஒன்று. திறந்த இடத்துக்கு ஐந்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று. நீளக் கயிற்றில் நாய் வேகமெடுத்து ஓடி முனைக்கு வந்தால் விழுகிற இழுப்பு கழுத்தில் விழக் கூடாது, அதனால்தான் ஹார்னெஸ். கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது, எனக்கு ஒரு விரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. பட்டனை அழுத்தினால் உள்ளே சுருண்டுகொள்கிற மெல்லிய கயிறு இருக்கிறதே, அது காட்டுக்கு உதவாது. செடிகளில் சிக்கும், காலை அறுக்கும்.

தோலுக்கடியில் வைக்கிற அடையாள மைக்ரோசிப் நாய்க்கு இருந்தால் நல்லது. ஆனால் அந்தப் பதினைந்து இலக்க எண்ணோடு பதிவில் இருப்பது நீங்கள் இப்போது வைத்திருக்கிற போன் நம்பர்தானா என்று ஒரு தடவை சரிபாருங்கள்.

சரி, நடப்போம். எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடாதீர்கள், எத்தனை நிமிடம் என்று போடுங்கள். மனிதனின் மூக்கில் மணம் பிடிக்கிற அணுக்கள் சுமார் ஐம்பது அறுபது லட்சம் என்றால் நாய்க்கு இருபது கோடிக்கு மேல். நாம் கண்ணால் பார்த்துக் கடந்துபோகிற மரத்தடியில் அதற்கு முந்தின நாள் செய்தி முழுக்க இருக்கிறது. தும்பி ஒரு அடிமரத்தை நான்கு நிமிடம் முகர்ந்ததைக் கடிகாரம் பார்த்து எண்ணியிருக்கிறேன். நாற்பது நிமிடத்தில் நாங்கள் தாண்டியது ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அன்று மத்தியானம் அவள் தூங்கிய தூக்கம், ஐந்து கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு ஓடிய நாட்களில்கூடத் தூங்கியதில்லை. உடற்பயிற்சிக்காக நடக்கிறீர்கள் என்றால் அதைத் தனியாகச் செய்யுங்கள். இந்த நேரம் அந்த மூக்குக்கு.

ஆனால் பாதையை விட்டு இறங்க வேண்டாம். சிட்னி நகரத்தின் ஓரக் காடுகளில் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நாய் நடந்துபோன பாதைகளில் பறவை வகைகள் 35 விழுக்காடும் பறவைகளின் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்திருந்தன. அத்தனை நாய்களும் கயிற்றில் இருந்தவை! ஆகவே கயிறு போட்டாயிற்று, இனி நம்மால் ஒரு தொந்தரவும் இல்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது. தரையில் முட்டையிடுகிற பறவைகள் அடைகாக்கும் மாதங்களில் நான் அந்தப் பக்கமே போவதில்லை. அப்போது எங்களுக்குத் தெருதான்.

மலத்தை எடுப்பதும் இதோடு சேர்ந்ததுதான். 'காட்டில் எத்தனையோ மிருகம் போகிறது, இதுவும் உரம்தானே' என்பார்கள். காட்டு மிருகம் காட்டில் தின்றதைக் காட்டிலேயே போடுகிறது. நம் நாய் வீட்டில் தின்றதைக் கொண்டுபோய் அங்கே இறக்குகிறது. பெல்ஜியத்தில் கெண்ட் நகரை ஒட்டிய காடுகளில் கணக்கெடுத்து 2022-இல் வெளியிட்டார்கள்: ஒரு ஹெக்டேரில் வருடத்துக்கு 11 கிலோ நைட்ரஜன், 5 கிலோ பாஸ்பரஸ், எல்லாம் நாய்கள் விட்டுப்போனது. மண் அப்படிக் கொழுத்தால் இரண்டு மூன்று முரட்டுச் செடிகள் மட்டும் வளர்ந்து மற்றதை அமுக்கிவிடும். மலத்தை எடுத்துவிட்டால் பாஸ்பரஸ் ஏறக்குறைய முழுதும் போய்விடும். எடுத்த பையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் போகிறவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொன்னால் மரியாதையாக இருக்காது.

எதிரே ஆள் வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பாதையோரம் ஒதுங்கி, நாயை உட்கார வைத்து அவர்களைப் போகவிடுங்கள். தயவுசெய்து 'அது ஒன்றும் பண்ணாது' என்று மட்டும் சொல்லாதீர்கள். நாய்க்குப் பயப்படுகிறவருக்கு அந்த வாக்கியத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நாலடி இடம்தான் வேண்டும். தெருநாய்க் கூட்டம் வந்தால் ஓடாமல், கண்ணுக்கு நேர் பார்க்காமல், வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள். மாடு துரத்தினால் மட்டும் கயிற்றை விட்டுவிடுங்கள். அது துரத்துவது நாயைத்தான். நாய் தப்பிவிடும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நீங்கள்தான் மிதிபடுவீர்கள்.

வெயில் ஏறுவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். நாய்க்குப் பாதத்தடியில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சரியாக வராது. நாயின் சாதாரண உடல் சூடு 38 முதல் 39 டிகிரி, 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூச்சு ஓயாமல் இரைக்கிறது, எச்சில் கெட்டியாகிறது, நடை தள்ளாடுகிறது என்றால் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குளிர்விப்பது முதலில், ஆஸ்பத்திரி அடுத்தது. நான் ஒன்றரை லிட்டர் கொண்டுபோகிறேன். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவேன். குட்டைத் தண்ணீரைக் குடிக்க விடுவதில்லை. பச்சை பெயின்ட் கொட்டிய மாதிரி பாசி படர்ந்திருந்தால் அதில் காலை நனைக்கவும் விட மாட்டேன். சில பாசிகள் கல்லீரலை ஒரே நாளில் அழித்துவிடும்.

பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். எந்தக் கால்நடை மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்பதைப் புறப்படும் முன்பே போன் போட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால் தலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, வாயின் ஓரத்திலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், தொண்டைக்குள் போகக் கூடாது. ஈறை ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை இருக்கிறது, உண்ணி பார்ப்பது. காதுக்குள், கண்ணிமை ஓரம், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குள், விரல் இடுக்கு, வாலுக்கு அடியில். கண்ணை நம்பாமல் விரல் நுனியால் தடவிப் பாருங்கள், மிளகு மாதிரி தட்டுப்படும். கூரான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். எண்ணெய் விடுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். உண்ணி எரிச்சலடைந்து வயிற்றில் இருப்பதைக் கக்கிவிடும். பல நோய்கள் தொற்ற அது மணிக்கணக்கில் ஒட்டியிருக்க வேண்டும், அதனால் அன்றே பிடுங்குவதற்குப் பலன் உண்டு. அடுத்த சில வாரங்களில் காய்ச்சல், சோர்வு, சாப்பாடு வேண்டாம் என்று திரும்பிக்கொண்டால் காட்டுக்குப் போய்வந்ததை டாக்டரிடம் சொல்லுங்கள். விரல் இடுக்கில் புல்லின் ஊசிக்கதிர் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஒரே திசையில்தான் நகரும், தோலுக்குள் போய்விட்டால் வெளியே வராது, ஆபரேஷன்தான். எங்களுக்கு ஒரு தடவை ஆயிற்று.

பாதி உடம்பு பார்த்து முடிப்பதற்குள் தும்பி தூங்கிவிடுகிறாள். மறுபக்கம் பார்க்க அவளைப் புரட்டும்போது ஒரு கண்ணை மட்டும் திறந்து, யார் என்று பார்த்துவிட்டு மூடிக்கொள்கிறாள்.