நாய்க்கு ஊசி போடுறதுல நாம பண்ற தப்புகள், எது கட்டாயம் எது தேவையில்ல

எங்க வீட்டு மொத சிப்பிப்பாறை குட்டி, குடல தாக்குற பார்வோ வைரஸ் நோய் வந்து செத்தப்ப அதோட ஊசி புக்குல ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டி இருந்துச்சு. 45 நாள்ல ஒண்ணு, 66 நாள்ல ஒண்ணு. ரெண்டு ஊசி போட்டாச்சு இனிமே என்ன பயம்னு தெருவுல கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சோம், மூணாவது ஊசிக்கு டாக்டர் எழுதிக் குடுத்த தேதில வீட்ல ஒரு விசேஷம், சரி அடுத்த வாரம் அடுத்த வாரம்னு தள்ளிப் போச்சு. ஒரு நாள் காலைல சோத்த மோந்து பாத்துட்டு நகந்துருச்சு. சாயங்காலம் தண்ணி கிண்ணத்துக்கு மேல தலைய தொங்கப் போட்டுக்கிட்டு அப்படியே நின்னுச்சு, ஒரு வாய் குடிக்கல, தண்ணிய பாத்துக்கிட்டே நிக்குது. ராத்திரி வாந்தி, விடியறதுக்குள்ள ரத்தமா வயித்தால போச்சு. நாலு நாள் ட்ரிப்ஸ் ஏத்தியும் காப்பாத்த முடியல.

அதுக்கப்புறம்தான் டாக்டர்கிட்ட உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். நாய் வளக்குறவங்க கிட்ட பேசுனா முக்காவாசி பேரு இன்னும் அதே தப்பத்தான் பண்றாங்க, எத்தனை ஊசி போட்டோம்னு கணக்கு வைக்கிறாங்களே தவிர கடைசி ஊசி எந்த வயசுல விழுந்துச்சுனு பாக்குறதில்ல. குட்டிக்கு அதுதான் முக்கியம். ஏன்னா பொறந்த மொத நாள் குடிக்கிற சீம்பால்ல தாயோட எதிர்ப்பு சக்தி குட்டிக்கு வருது, அது குட்டிய காப்பாத்துது, ஆனா அதே சக்தி நாம போடுற ஊசி மருந்தையும் அழிச்சிரும். அது கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சு சில குட்டிக்கு 8 வாரத்துல போயிரும், சில குட்டிக்கு 16 வாரம் வரைக்கும் கூட இருக்கும், ஒரே ஈத்துல பொறந்த குட்டிகளுக்குள்ளயே மாறும். எப்போ போகும்னு வெளிய பாத்து யாராலயும் சொல்ல முடியாது. அதனாலதான் 6ல இருந்து 8 வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு, 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பப் போடுறாங்க, கடைசி ஊசி 16 வாரம் முடிஞ்ச பிறகு விழணும். எங்க குட்டிக்கு போட்ட ரெண்டுமே தாய்ப்பால் சக்தி இருக்கும்போது போட்டதா இருந்திருக்கலாம், அப்போ அது போடாததுக்கு சமம்தான்.

இதுல இன்னொரு சிக்கல், விக்கிறவங்க சொல்ற வயசு. 30, 35 நாள் குட்டிய 50 நாள்னு சொல்லி ரெண்டு ஊசி ஆச்சுங்கனு புக்கோட குடுத்துருவாங்க. புக்குல பேனாவுல தேதி மட்டும் இருந்தா நம்பாதீங்க. மருந்து பாட்டில்ல இருந்து உரிச்சு ஒட்டுன ஸ்டிக்கர் இருக்கணும், அதுல பேட்ச் நம்பர், எக்ஸ்பைரி இருக்கணும், பக்கத்துல டாக்டர் கையெழுத்தும் சீலும் இருக்கணும். இல்லன்னா மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறதுதான் பாதுகாப்பு, கூட ஒரு ஊசி போட்டதால குட்டிக்கு ஒண்ணும் ஆகாது.

சரி எது கட்டாயம்னு கேட்டா, பார்வோ, மூச்சையும் நரம்பையும் தாக்குற டிஸ்டெம்பர், அடினோ வைரஸ்னால வர்ற கல்லீரல் நோய், ரேபிஸ், இந்த நாலும் எந்த நாயா இருந்தாலும் போட்டே ஆகணும். ராஜபாளையம், கோம்பை, தெருவுல இருந்து எடுத்த குட்டி, எதுவா இருந்தாலும் சரி. நாட்டு நாய்க்கு தானாவே எதிர்ப்பு சக்தி இருக்கு ஊசி வேணாம்னு ஊர்ப்பக்கம் இன்னும் சொல்றாங்க, நான் அத கேக்கும்போதெல்லாம் எனக்கு அந்த தண்ணி கிண்ணம்தான் ஞாபகம் வரும். தெருவுல தப்பிச்சு வளந்த நாய மட்டும் நாம பாக்குறோம், அது கூட பொறந்து செத்த அஞ்சு குட்டிய யாரும் பாக்குறதில்ல.

ஐந்தாவதா நான் சொல்றது எலிக் காய்ச்சல் ஊசி, லெப்டோ. உலக அளவுல சின்ன பிராணிகளுக்கான டாக்டர்கள் சங்கம் 2024ல வெளியிட்ட வழிகாட்டில, இந்த நோய் பரவலா இருக்குற ஊர்ல இதையும் கட்டாய ஊசியாவே வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. நம்ம ஊர யோசிச்சு பாருங்க, மழை பெஞ்சா தெருவுல தண்ணி நிக்குது, எலி மூத்திரம் அதுலதான் கலக்குது, நாய் அதுல நடந்து வந்து கால நக்குது. நாய்க்கு வந்தா கல்லீரலும் கிட்னியும் அடி வாங்கும், அதோட மூத்திரம் வழியா வீட்ல இருக்குறவங்களுக்கும் வரலாம். மொத தடவ போடும்போது 2 முதல் 4 வார இடைவெளில ரெண்டு டோஸ், அப்புறம் வருஷா வருஷம். இதோட சக்தி ஒரு வருஷத்துக்கு மேல நிக்கும்னு நம்ப முடியாது.

இங்கதான் நெறைய பேருக்கு குழப்பம். பல நோய்க்கு சேத்து ஒண்ணா போடுற கூட்டு ஊசிய செவன் இன் ஒன், நைன் இன் ஒன், டென் இன் ஒன்னு கிளினிக்ல சொல்லும்போது நம்பர் பெருசா இருந்தா நல்ல ஊசினு நினைச்சிடுறோம். அந்த நம்பர் எப்படி கூடுதுனு பாத்தா, லெப்டோல எத்தனை வகை கிருமி சேத்துருக்காங்கங்கறதையும் ஒண்ணு ரெண்டுனு எண்ணிருப்பாங்க, அது கூட கொரோனாவையும் சேத்துருப்பாங்க. இந்த கொரோனா மனுஷனுக்கு வந்த கோவிட் இல்ல, நாய்க்கு லேசா வயித்தால போக வைக்கிற வேற வைரஸ், இதுக்கு ஊசி போடச்சொல்லி அந்த வழிகாட்டி சொல்லவே இல்ல. அதனால டாக்டர்கிட்ட எத்தனை இன் ஒன்னு கேக்காம உள்ள என்னென்ன இருக்கு, லெப்டோ எத்தனை வகை இருக்குனு கேளுங்க. லெப்டோல ரெண்டு வகைக்கு பதிலா நாலு வகை இருந்தா அது உண்மையிலேயே பிரயோஜனம், கொரோனா இருக்கு இல்லங்கறத பத்தி கவலையே படாதீங்க.

பெரிய நாய்க்கு வருஷா வருஷம் எல்லாமே வேணுமாங்கறது அடுத்த கேள்வி. பார்வோ, டிஸ்டெம்பர், அடினோ மூணும் குட்டில சரியா முடிச்சு, 6 மாசத்துலயோ ஒரு வயசுலயோ ஒரு பூஸ்டர் போட்டுட்டா, அதுக்கப்புறம் 3 வருஷத்துக்கு ஒரு தடவை போதும். வருஷா வருஷம் தேவைப்படுறது லெப்டோவும் ரேபிஸும்தான். ஆனா இத படிச்சுட்டு, ஆஹா 3 வருஷம் கிளினிக் பக்கமே போக வேணாம்னு முடிவு பண்றவங்களும் இருக்காங்க, அது இன்னும் பெரிய தப்பு. நம்ம ஊர்ல பெரும்பாலும் லெப்டோ கூட்டு ஊசிலயேதான் வருது. சில கம்பெனி மருந்துல மத்த நோய்க்கான தூள் ஒரு பாட்டில், லெப்டோ தண்ணி ஒரு பாட்டில்னு தனித்தனியா இருக்கும், அங்க லெப்டோவ மட்டும் போட முடியுமானு கேட்டுப் பாக்கலாம். தனியா கிடைக்கலன்னா கூட்டு ஊசியே வருஷம் ஒரு தடவை போட்டுட்டுப் போங்க, லெப்டோவ விட்டுறாதீங்க. வயசான நாய், ஊசி போட்டா மூஞ்சி வீங்குற நாய் இதுக்கெல்லாம் ரத்தம் எடுத்து எதிர்ப்பு சக்தி அளவு பாக்குற டெஸ்ட் இருக்கு, பார்வோ டிஸ்டெம்பருக்கு அது நம்பகமான டெஸ்ட், லெப்டோவுக்கு ஒத்துவராது.

ரேபிஸ் பத்தி கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன். எங்க நாய் வெளியவே போகாது, மாடிலதான் இருக்கு, அதுக்கெதுக்கு ரேபிஸ்னு கேக்குறாங்க. கேட் தொறந்து கிடக்க ஒரு நிமிஷம் போதும், ஒரு பூனை மாடிக்கு வர ஒரு ராத்திரி போதும். உலகத்துல ரேபிஸ்ல சாகுற மனுஷங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மேல இந்தியாவுலதான், கிட்டத்தட்ட 36 சதவீதம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அறிகுறி வந்துட்டா அப்புறம் மருந்தே கிடையாது. 12 வாரம் முடிஞ்சதும் மொத ஊசி, நம்ம மாதிரி ரேபிஸ் அதிகமா இருக்குற இடத்துல 2 முதல் 4 வாரத்துல இன்னொண்ணு போடுறது நல்லது, அப்புறம் டாக்டர் சொல்ற தேதில வருஷா வருஷம். 12 வாரத்துக்கு முன்னாடியே போட்டிருந்தா அத கணக்குல சேக்காம 12 வாரத்துல திரும்ப போடுங்க. ஊசி போட்ட மறுநாளே பாதுகாப்பு வந்துராது, ரெண்டு மூணு வாரமாகும். சென்னைல நாய்க்கு மாநகராட்சி லைசென்ஸ் எடுக்கவும் இந்த சர்டிபிகேட் வேணும். காசு கஷ்டம்னா ஜூலை 6, செப்டம்பர் 28 இந்த ரெண்டு தேதிய ஒட்டி கால்நடை ஆஸ்பத்திரிகள்ல இலவச ரேபிஸ் ஊசி முகாம் நடக்கும், விசாரிச்சு வைங்க.

ஊசி போட்ட நம்ம நாய்தானே கடிச்சுதுனு விட்டுறதும் தப்பு. உடனே ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, மஞ்சத்தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு போங்க. நம்ம நாய தெரு நாய் கடிச்சிருந்தா, ஊசி போட்ட நாயா இருந்தாலும் உடனே பூஸ்டர் போடணும்.

கென்னல் காஃப், அதாவது நாய்களுக்குள்ள தொத்துற இருமல், அதுக்கான ஊசி எல்லாருக்கும் வேணாம். வெளியூர் போகும்போது ஹாஸ்டல்ல விடுறவங்க, டாக் ஷோ போறவங்க, நெறைய நாய் சேந்து இருக்குற வீடு, இவங்களுக்கு வேணும், கிளம்புறதுக்கு மொத நாள் போடாம ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போட்டுருங்க. உண்ணி காய்ச்சலுக்கு நம்ம ஊர்ல ஊசியே கிடையாது. எல்லா ஊசியும் போட்டோமே எப்படி டிக் ஃபீவர் வந்துச்சுனு கேக்குறவங்க நெறைய, அதுக்கு உண்ணி மாத்திரையும் காது மடிப்பு, விரல் இடுக்கு தடவிப் பாக்குறதும்தான் வழி.

மருந்த மெடிக்கல்ல வாங்கி வீட்லயே போட்டுக்கிறது இப்போ அதிகமாயிட்டு வருது, காசு மிச்சம்னு. இந்த மருந்து 2ல இருந்து 8 டிகிரிக்குள்ளயே இருக்கணும். சித்திரை வெயில்ல கேரி பேக்ல போட்டு பைக்ல மாட்டி அரை மணி நேரம் கொண்டு வந்தா உள்ள இருக்குற உயிருள்ள வைரஸ் செத்துரலாம், வெளிய பாக்க எந்த வித்தியாசமும் தெரியாது. ஃப்ரீசர்ல வச்சா ரேபிஸ், லெப்டோ மருந்து கெட்டுப் போகும். போட்டும் போடாத கதைதான். அதுவும் இல்லாம சில நாய்க்கு ஊசி போட்ட கொஞ்ச நேரத்துலயே மூஞ்சி வீங்கி, வாந்தி எடுத்து, ஈறு வெளிறி மயங்கி விழும், அப்போ கையில மாத்து மருந்து இருக்குற டாக்டர் பக்கத்துல இருக்கணும். அதனால கிளினிக்லயும் ஊசி போட்டவுடனே கிளம்பாம அரை மணி நேரம் வெளிய உக்காருங்க. ஒரு நாள் சோர்ந்து படுக்குறது, ஊசி போட்ட இடம் லேசா வீங்குறது சாதாரணம்.

சின்ன நாய்தானே, பொமரேனியன்தானே, பாதி டோஸ் போடுங்கனு டாக்டர்கிட்ட கேக்காதீங்க. ஊசி மருந்துக்கு எடை கணக்கு கிடையாது, சின்ன குட்டிக்கும் கிரேட் டேனுக்கும் அதே ஒரு பாட்டில்தான், பாதி போட்டா பாதுகாப்பு வராமலே போயிரலாம். ஆனா காய்ச்சல், வயித்தால போறது இருக்கும்போது போட வேணாம், சரியானதும் போடுங்க. குடல் பூச்சிக்கான மருந்து முன்னாடியே குடுத்துருங்க.

பார்வோல குட்டி செத்த வீட்ல உடனே இன்னொரு குட்டி கொண்டு வர்றவங்களுக்காக ஒண்ணு. அந்த வைரஸ் தரையிலயும் மண்ணுலயும் மாசக்கணக்குல, ஒரு வருஷம் வரைக்கும் கூட உயிரோட இருக்கும், பினாயில் போட்டா போயிரும்னு நம்பாதீங்க. தரைய மொதல்ல சோப்பு போட்டு கழுவிட்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊத்தி 10 நிமிஷம் ஊற விட்டு கழுவணும், மண் தரைய அப்படி சுத்தம் பண்ண முடியாது. நாங்க ஒரு வருஷம் காத்திருந்தோம். இப்போ இருக்குற குட்டிக்கு மூணாவது ஊசி 17ஆவது வாரத்துல போட்டோம், அதுவரைக்கும் தெருவுல கால் வைக்க விடல, வெளிய கூட்டிட்டுப் போனா தோள்லயேதான். இப்போ அவளுக்கு நாலு வயசு, போன வாரம்தான் லெப்டோவும் ரேபிஸும் போட்டுட்டு வந்தோம், அடுத்த வருஷ தேதிய காலண்டர்ல எழுதி வச்சாச்சு.